அத்தானின் அனுமதி

கதவு தானாகத் திறக்கிறது என்று அக்கா முதல் தடவை போனில் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். நான் ஒன்றும் கல்நெஞ்சுக்காரி இல்லை. ஆனால் கதவுக்குப் பூட்டுச் செய்கிற கம்பெனியில் வேலை பார்ப்பவளிடம் போய் அப்படிச் சொன்னால் அவள் வேறு என்னதான் செய்வாள்?

"காத்தா இருக்கும்" என்றேன்.

"காத்துக்கு விரல் ரேகை இருக்காடி?" என்றாள் அக்கா.

அவள் வீட்டு வாசல் கதவுக்குச் சாவி கிடையாது. எங்கள் கம்பெனிப் பெட்டி ஒன்றை நானே கொண்டுபோய்க் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தேன். கதவு, விளக்கு, அழைப்பு மணி, நேரமும் வெப்பமும் காட்டும் சின்னத் திரை எல்லாம் அதற்குள் அடக்கம். விரலை வைத்தால் கதவு திறக்கும். அக்கா விரல், அத்தான் விரல், என் விரல். வேறு யார் விரலுக்கும் அது மசியாது.

என் வேலையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் நடந்தது விளங்காது. அந்தப் பெட்டிக்குள் பல நிரல்கள் ஓடுகின்றன. ஒன்று நேரம் காட்டும், ஒன்று விளக்கைக் கவனிக்கும், ஒன்று கதவைத் திறக்கும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் உட்கார்ந்து, யார் எதைத் தொடலாம் என்று தீர்மானிக்கிற பெரிய நிரலுக்குக் கெர்னல் என்று பெயர். ஒவ்வொரு நிரலுக்கும் மெமரியில் ஒரு சின்னத் துண்டு உண்டு. இவன் யார், இவனுக்கு என்ன அனுமதி என்பது அதில் இருக்கும். நேரம் காட்டுகிறவன் நேரம் மட்டும்தான் காட்டலாம். அவன் எப்படியோ மெமரிக்குள் கையை விட்டுத் தன் துண்டில் வீட்டுக்காரரின் எண்ணை எழுதிக்கொண்டால், அந்த நொடியிலிருந்து அவன்தான் வீட்டுக்காரர். வாட்ச்மேன் வேலைக்கு வந்தவன் சாப்பாட்டு மேஜையில் முதல் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிற மாதிரி. அவனை அப்படி உட்கார விடாமல் பார்த்துக்கொள்வதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

"உனக்கென்னம்மா, சந்தேகப்படறதுக்குக் காசு குடுக்கறாங்க. நாங்கல்லாம் வீட்ல சும்மாதானே சந்தேகப்படறோம்" என்பார் அத்தான். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். சிரிக்காமல் கிண்டல் செய்கிற ரகம். ஒருநாள் பஸ் நிறுத்தத்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர்களுக்குக் குழந்தை இல்லை. அந்த வீட்டில் அக்கா தனியாக மிச்சமானாள்.

காரியங்கள் எல்லாம் முடிந்ததும் நான் போய் அத்தானின் எண்ணையும் ரேகையையும் பெட்டியிலிருந்து நீக்கினேன். போனவர் பெயரில் அனுமதி உயிரோடு இருக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் அரிச்சுவடி. அக்கா பக்கத்தில் நின்று பார்த்தாள். "அவ்வளவுதானா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் என்றேன். அவள் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தாள்.

கதவு விஷயத்தை அவள் திரும்பத் திரும்பச் சொல்லவே, ஒரு சாயங்காலம் ஆபீசிலிருந்து நேரே அங்கே போனேன். அவளுக்கு ரவிக்கை தோளில் நிற்கவில்லை. நான் கொடுத்தனுப்பியிருந்த டப்பாக்கள் எல்லாம் ஃப்ரிட்ஜில் மூடி திறக்காமல் அடுக்கியிருந்தன. அக்காவுக்குச் சர்க்கரை வியாதி, தினமும் ஊசி. ஊசியைப் போட்டுக்கொண்டு சாப்பிடாமல் இருந்தால் சர்க்கரை சரசரவென்று இறங்கி ஆளையே சாய்த்துவிடும். டாக்டர் என்னிடம் தனியாகவே சொல்லியிருந்தார்: இப்படியே போனால் ஒருநாள் எழுந்திருக்க மாட்டார்.

"மத்தியானம் சாப்பிட்டியா?"

"அவர் வரட்டும்."

"யாரு?"

அக்கா கூடத்து நாற்காலியில் வாசலைப் பார்த்து உட்கார்ந்தாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். நான் எரிச்சலில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அப்போது தாழ் விலகியது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். தினமும் ஆபீசில் நூறு தரம் கேட்கிற சத்தம். கூடத்து விளக்கு மெல்ல ஏறி, அத்தானுக்குப் பிடித்த அந்த மங்கல் மஞ்சளில் நின்றது. கதவு ஓர் ஆள் பக்கவாட்டில் நுழையும் அளவுக்குத் திறந்தது. வெளியே நடைபாதை, எதிர்வீட்டு மதில், அதில் சாய்த்து வைத்த ஒரு சைக்கிள். ஈ காக்கை இல்லை.

"வாங்க" என்றாள் அக்கா.

இத்தனை வருஷமாக அவரிடம் சொன்ன அதே குரல். அலுப்பும் நிம்மதியும் கலந்த, வீட்டில் மட்டும் கேட்கிற குரல். பிறகு எழுந்து போய்த் தட்டு எடுத்துவைத்துச் சாப்பிட்டாள். ஒரு நாளைக்கு அதுதான் அவள் சாப்பாடு என்று எனக்கு அப்போது புரிந்தது. கதவு திறந்தால் சாப்பாடு. திறக்கும் வரை பச்சைத் தண்ணீர்.

"என்னோட வந்து இரு, அக்கா. அங்க ஒரு ரூம் சும்மாதான் கெடக்கு" என்றேன்.

"நான் அங்க வந்துட்டா? அவர் கதவைத் திறந்துட்டு வந்து பார்க்கும்போது வீட்ல யாருமே இல்லைன்னா எப்படி இருக்கும்?"

அவளைக் கட்டிக்கொண்டு அழத் தோன்றியது. அறையவும் தோன்றியது. இரண்டையும் செய்யாமல் பெட்டியின் மெமரியை அப்படியே என் கணினியில் பிரதி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கோபம் வந்தால் எனக்கு வேலை நன்றாக ஓடும்.

ஆபீசில் என்னோடு வேலை பார்ப்பவளுக்குச் சந்தேகி என்று பெயர் வைத்திருந்தோம். நாங்கள் செய்வதை உடைத்துப் பார்ப்பது அவள் வேலை. பிறந்தநாள் கேக்கை நீட்டினால்கூட யார் வெட்டினது என்று கேட்டுவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அவளும் நானும் அந்தப் பிரதியைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தோம்.

"இங்க பாரு. உங்க அக்கா வீட்ல கதவைத் திறக்கறது கதவு நிரலே இல்ல. நேரம் காட்டற நிரல்."

"அதுக்கு ஏது அனுமதி?"

"கிடையாது. ஒரு கண்ணிமைக்கற நேரம் வீட்டுக்காரரா மாறுது, கதவைத் திறக்குது, மறுபடி ஒண்ணுந்தெரியாத மாதிரி நேரம் காட்டுது. யாரோட எண்ணை எடுத்துக்குதுன்னு பாரு."

பார்த்தேன். அத்தானுடைய எண்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். நாற்காலியிலிருந்து குதிக்காத குறை. இது பேய் இல்லை, பிசாசு இல்லை. இது ஓட்டை. நாங்கள் சோறு தின்பதே இந்த மாதிரி ஓட்டைகளால்தான். மெமரியில் ஒன்றை நீக்கினோம் என்றால் அது உடனே அழிந்துவிடாது. அந்த இடம் காலி என்று ஒரு குறிப்பு மட்டும்தான் விழும். பழைய முகவரியை வேறொருவன் கையில் வைத்திருந்தால், காலியான வீட்டுக்குள் அவன் வந்துபோகலாம். நேரம் காட்டும் நிரல் அத்தானின் பழைய துண்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான் என்று முடிவுகட்டினேன்.

"அப்படின்னா ரொம்ப சுலபம். புதுப் பெட்டி மாட்டு. அதுல உங்க அத்தான் எண்ணை ஏத்தவே ஏத்தாதே. தானா நின்னுடும்" என்றாள் சந்தேகி.

அப்படியே செய்தேன். பழைய பெட்டியைக் கழற்றி ஆபீசுக்குக் கொண்டுவந்து ஜன்னலோரம் ஓடவிட்டோம். பொழுது சாயும்போதெல்லாம் நானும் சந்தேகியும் அதன்முன் நின்று பார்ப்போம். அது சமர்த்தாக நேரம் காட்டிக்கொண்டிருந்தது. ஒரு தடவைகூட எல்லை தாண்டவில்லை.

ஆனால் புதுப் பெட்டி மாட்டிய அன்றைக்கே அக்கா கூப்பிட்டாள். "வந்துட்டார்டி. நீ பெட்டியை மாத்தினதும் பயந்துபோய்ட்டேன்." அவள் குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

மறுநாள் போய் மெமரியை எடுத்துவந்து பார்த்தோம். நேரம் காட்டும் நிரல். வீட்டுக்காரராக மாறியிருந்தது. அதே எண். அந்தப் பெட்டிக்கு யாருமே சொல்லாத எண்.

சந்தேகி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நெட்வொர்க் வழியா வந்திருக்குமோ?" என்றேன்.

"கேபிளை நீதானே பிடுங்கி வெச்சே."

"அப்ப தற்செயலா குப்பை விழுந்து..."

"அத்தனை இலக்கமும் வரிசை மாறாம தற்செயலா விழுமா? நீயே சொல்லு." அவள் என் முகத்தைப் பார்க்காமல் திரையையே பார்த்தபடி பேசினாள். "எனக்கு இது பிடிக்கல. இதைக் கொஞ்ச நாள் தொடாம வெச்சுப் பார்க்கலாம். அது கதவைத் திறக்கறதைத் தவிர வேற எதையும் செய்யல. உங்க அக்காவும் அதனாலதான் ஒரு வாயாவது சாப்பிடறாங்க."

"இன்னிக்கு எங்க அக்கா கதவு. நாளைக்கு ஊர்ல இருக்கற எல்லாக் கதவும்" என்றேன். அது உண்மையும்கூட. ஆனால் எனக்கு ஊர்க் கதவுகளைப் பற்றிக் கவலையே இல்லை. அந்தக் கதவு திறப்பது நின்றால்தான் அக்கா காத்திருப்பதை நிறுத்துவாள். நிறுத்தினால்தான் என்னோடு வருவாள். வந்தால்தான் பிழைப்பாள். கணக்கு எனக்கு அவ்வளவு தெளிவாக இருந்தது.

எந்த வழியாக வருகிறது என்று தெரியாவிட்டால் வாசலில் காவல் வைப்பதுதான் எங்கள் வழக்கம். கெர்னலில் ஒரு சோதனை எழுதினேன். ஒவ்வொரு நிரலின் அடையாளத் துண்டுக்கும் ஒரு முத்திரைப் பிரதி. அந்தப் பிரதி இருக்கும் மெமரிப் பக்கத்தில் கெர்னலே நினைத்தாலும் பிறகு எழுத முடியாது. யாராவது வீட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டு வந்தால், கதவைத் தொடும் முன்னால் சோதனை குறுக்கே வரும். நீ யார் என்று கேட்கும். துண்டில் இருப்பதும் பிரதியில் இருப்பதும் ஒன்றாக இருந்தால் வழி விடும். வித்தியாசம் இருந்தால் எந்திரத்தையே அந்த இடத்தில் நிறுத்திவிடும்.

எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் இதில் ஒரே கொள்கை. நின்றுபோன எந்திரம் பத்திரமான எந்திரம். சந்தேகம் வந்த பிறகு மேற்கொண்டு ஓர் அடி வைக்கக் கூடாது. கதவு பூட்டியபடி பூட்டியிருக்கும், மெமரி அந்த நொடியில் எப்படி இருந்ததோ அப்படியே உறைந்து நிற்கும், நாம் பிறகு ஆற அமரப் பார்த்துக்கொள்ளலாம். சோதனைக்கூடத்தில் எந்திரம் நின்றுபோனால் கைதட்டுவோம். அந்தக் கூடத்தில் பூட்டிய கதவுக்குப் பின்னால் ஆள் யாரும் இருப்பதில்லை.

ஒரு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போய் அதை ஏற்றினேன். "என்னடி பண்றே?" என்றாள். "சும்மா அப்டேட்" என்றேன். எனக்கு மோர் கலந்து கொடுத்துவிட்டு அவள் சுவரோரம் நின்றாள். மணிக்கட்டு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நாள்தான், உன்னை இங்கேயிருந்து கிளப்பிவிடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

பொழுது சாய்ந்ததும் போன் வந்தது.

"விளக்கெல்லாம் அணைஞ்சுபோச்சுடி. தாழ் லேசா அசைஞ்சுது. அப்படியே நின்னுடுச்சு." அவள் கிசுகிசுத்தாள். பக்கத்தில் யாரோ கேட்டுவிடுவார்கள் போல. "அவர் வெளியில நிக்கறார். கதவு திறக்கல. நிக்கறார்டி."

சோதனை பிடித்துவிட்டது. எனக்கு வெற்றி.

"பயப்படாதே. பெட்டிக்குக் கீழ சுவிட்ச் இருக்கு பாரு, அதை அணைச்சுட்டுப் போடு." போட்டாள். விளக்கு வந்தது. "வாசல்ல யாரும் இல்லக்கா. ஊசி போட்டாச்சா?"

"ம்."

"சாப்பிட்டுட்டுப் படு. நாளைக்கு மத்தியானம் வந்து உன்னைக் கையோட கூட்டிட்டுப் போறேன். சாப்பிடுவியா?"

"ம்" என்றாள்.

அந்த "ம்"மை நான் நம்பினேன்.

மறுநாள் மத்தியானம் நல்ல வெயில். தெருவில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அக்கா வீட்டு வாசலில் விரலை வைத்தேன். பூட்டு ஒன்றும் சொல்லவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைத்தேன். அப்போதுதான் ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி அசையாமல் எரிவதைக் கவனித்தேன். எந்திரம் நின்றுபோயிருந்தது. நின்றுபோன எந்திரத்துக்கு என் விரலும் ஒன்றுதான், திருடன் விரலும் ஒன்றுதான்.

ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். அக்கா கூடத்தில் நாற்காலிக்கும் கதவுக்கும் நடுவே தரையில் கிடந்தாள். ஒரு கை வாசல் பக்கம் நீண்டிருந்தது. கண் பாதி திறந்திருந்தது. நான் கத்தியதற்கு இமை அசையவில்லை.

அப்புறம் நான் செய்ததெல்லாம் கோர்வையாக நினைவில் இல்லை. ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். கதவை உதைத்தேன். நானே எழுதிய சோதனையை நானே வாய்க்கு வந்தபடி திட்டினேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தச்சர் கடப்பாரையோடு ஓடிவந்தார். பெரிய மனிதர், நிதானமானவர். நிலைக்கும் கதவுக்கும் இடையில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். மரம் முனகியது. திடீரென்று நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"உள்ள இருக்கறவரைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்கம்மா. அவரும் அந்தப் பக்கத்துல இருந்து முட்டறார். கை நசுங்கிடப் போகுது."

"உள்ள யாரும் இல்லண்ணா. அக்கா மட்டுந்தான்."

"இல்லம்மா, தள்ளறாங்க. எனக்குக் கையில தெரியுதில்ல?"

நான் ஜன்னலுக்கு ஓடினேன். அக்கா கிடந்த இடத்திலேயே கிடந்தாள். கதவின் உட்பக்கம் முழுக்க எனக்குத் தெரிந்தது. அங்கே வெயில் மட்டும்தான் விழுந்திருந்தது. கதவு அந்த வெயிலில் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. தச்சர் இன்னொரு நெம்பு நெம்பினார். பூட்டு நிலையோடு பிய்ந்துகொண்டு வந்தது.

அக்கா வாயில் சர்க்கரையைக் கரைத்துத் தடவினேன். ஆம்புலன்ஸ் வந்தது. இன்னும் கொஞ்சம் தாமதமாகியிருந்தால் மூளை தாங்கியிருக்காது என்றார் ஆஸ்பத்திரியில் டாக்டர். சாயங்காலம் அவள் கண் விழித்து என்னை அடையாளம் கண்டுகொண்டாள். நான் வெளியே போய் நடைவழிப் பெஞ்சில் உட்கார்ந்து விம்மி விம்மி அழுதேன். என் அக்காவைப் பூட்டி வைத்தவள் நான்தான். பத்திரம் என்று பெயர் சொல்லிப் பூட்டி வைத்தேன்.

சந்தேகி அடுத்த நாள் காலையில் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டாள். நான் தச்சர் மூலம் அனுப்பியிருந்த பெட்டியின் உறைந்த மெமரியை அவள் உட்கார்ந்து பார்த்திருந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்து மடியில் கணினியைத் திறந்தாள்.

"எந்திரம் நின்னது எப்பன்னு தெரியுமா? நேத்து காலையில. அவங்க மயங்கி விழுந்திருக்கக்கூடிய நேரம்னு டாக்டர் சொன்னார் பாரு, அப்ப. எப்பவும் சாயங்காலம்தானே திறக்கும்? நேத்து அது சாயங்காலம் வரைக்கும் காத்திருக்கல."

நான் திரையின் பக்கம் குனிந்தேன்.

"இன்னொண்ணு இருக்கு. நாம ரெண்டு பேரும் பார்க்கவே இல்ல. முட்டாள்கள்." அவள் ஒரு வரியில் விரலை வைத்தாள். "கதவைத் திறக்கச் சொல்ற ஒவ்வொரு கட்டளையிலயும் எந்தப் பக்கத்துல இருந்துன்னு ஒரு இலக்கம் வருமில்ல? வெளியிலிருந்து வர்றவருக்குத் திறக்கறதா, உள்ளயிருந்து போறவருக்குத் திறக்கறதான்னு."

எனக்குத் தெரியும். அந்த இலக்கத்தை வைத்ததே நான்தான். ஆனால் எங்கள் கூட்டத்துக்கு ஒரே ஒரு கேள்விதான் தெரியும். யார் நீ? உனக்கு அனுமதி உண்டா? இத்தனை நாளும் அந்தக் கேள்வியையே கேட்டுக்கொண்டிருந்தோம். எந்தப் பக்கம் நின்று கேட்கிறாய் என்று கேட்கத் தோன்றவே இல்லை.

"உள்ளயிருந்து" என்றாள் சந்தேகி. "நேத்து மட்டும் இல்ல. பழைய பெட்டி, புதுப் பெட்டி, மொத நாள்ல இருந்து எல்லாமே. வெளியிலிருந்து அந்த வீட்டுக்குள்ள யாரும் வரவே இல்ல. உள்ள இருந்துதான் யாரோ தினமும் கதவைத் திறந்து வெச்சிருக்காங்க."

அவள் கணினியை மூடினாள். நடைவழியில் ஒரு நர்ஸ் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனாள். அவள் போகும்வரை இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

"இதை அறிக்கையில எழுதப் போறியா?" என்றேன்.

"என்னன்னு எழுதறது?" என்றாள்.

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. எந்திரத்தைப் பற்றி அவளிடம் ஒரு தடவை பொய் சொன்னது போதும். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் சோதனையை, சிவப்புப் புள்ளியை, தச்சர் கையில் தெரிந்ததை, அந்த இலக்கத்தை. அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"உள்ளயிருந்தா?" என்றாள் கடைசியில்.

"ஆமாக்கா."

"அவருக்கு வெளியில போகணும்னா கதவு எதுக்குடி?"

பதிலும் அவளுக்கே தெரிந்திருந்தது.

"நான் எங்கயாவது கிளம்பினா அவர் முன்னாடி போய்க் கதவைத் திறந்து புடிச்சுட்டு நிப்பார். கடைக்குப் போனாக்கூட. நான் செருப்பைத் தேடிட்டு நிக்கறப்ப, 'அம்மா தாயே, கை வலிக்குது'ம்பார்." அவள் உதடு கோணியது. "இத்தனை நாளா போ போன்னு கதவைத் திறந்து புடிச்சுட்டு நின்னிருக்கார். நான் என்னடான்னா வாங்க வாங்கன்னு சொல்லிட்டு உக்காந்திருந்திருக்கேன்."

அத்தான் போனதிலிருந்து அக்கா அழுது நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அழுதாள். தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் எழுந்து உட்காரும்படி அழுதாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து விட்டதும் துணிமணி எடுக்க அந்த வீட்டுக்குப் போனோம். பட்டப்பகல். தச்சர் நிலையைச் சரிசெய்து கதவைத் திரும்பப் பொருத்தியிருந்தார். பூட்டு போன இடத்தில் பலகை அடித்து, உட்பக்கம் ஓர் இரும்புத் தாழ்ப்பாள் வைத்திருந்தார். கம்பி இல்லை, மின்சாரம் இல்லை. கையால் இழுத்தால் போடலாம், கையால் தள்ளினால் எடுக்கலாம். வெளியே மாட்ட ஒரு பித்தளைப் பூட்டு வாங்கி என் பையில் வைத்திருந்தேன். சுவரில் பெட்டி இருந்த இடம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

அக்கா ஒரு பெட்டியில் துணியும் மருந்தும் எடுத்துக்கொண்டாள். ஃப்ரிட்ஜைக் காலி செய்தாள். அடுப்படியைத் துடைத்தாள். எதையும் தடவிப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. வாசலுக்கு வந்து தாழ்ப்பாளைத் தானே எடுத்துக் கதவைத் திறந்தாள். படியிறங்கும் முன் உள்ளே திரும்பினாள்.

நம்மில் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது அந்த வார்த்தையைச் சொல்ல மாட்டோம். போய்விட்டு வருகிறேன் என்றுதான் சொல்வோம், அடுத்த தெருவுக்குப் போனாலும். அக்கா கூடத்தைப் பார்த்துக்கொண்டு, கொஞ்சம் அலுப்பும் நிம்மதியுமாக, "போறேங்க" என்றாள்.

அவள் காரை நோக்கி நடந்தாள். நான் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, குனிந்து பையில் பூட்டைத் தேடினேன். என் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், கதவுக்கு அந்தப் பக்கம், இரும்புத் தாழ்ப்பாள் நிதானமாக நகர்ந்து போய்த் துளையில் விழுந்தது.

தள்ளிப் பார்த்தேன். கதவு அசையவில்லை. யார் நீ என்று இந்தத் தடவை நான் கேட்கவில்லை. பூட்டைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டு, நடந்து வந்து காரில் ஏறினேன்.

அக்காவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தெருமுனை தாண்டும்வரை மடியில் கையைக் கோத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எங்கயாவது நிறுத்துடி. பசிக்குது" என்றாள்.